கம்பி ஹேங்கர் சேர்ந்துவிட்டதா? ஒரு தையல்கடையிலிருந்து சில யோசனைகள்

மதுரையில் வீட்டோடு சேர்ந்த சின்னத் தையல்கடை வைத்திருக்கிறேன். ஜாக்கெட், சுடிதார், ஃபால்ஸ் அடிப்பது, ஆல்டரேஷன் எல்லாம் உண்டு. டிரை கிளீனிங் கடையிலிருந்து நேராக ஆல்டரேஷனுக்கு வரும் துணிகளோடு கம்பி ஹேங்கரும் வரும். "அதை நீங்களே வச்சுக்கங்கக்கா" என்று விட்டுவிட்டுப் போவார்கள். பீரோவில் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கிறது, சட்டைத் தோளில் முட்டு விழுகிறது என்பது அவர்கள் குறை. அது நியாயம்தான். ஆனாலும் விரித்து நீட்டினால் ஏறக்குறைய ஒரு மீட்டர் நல்ல இரும்புக் கம்பி அது. குப்பையில் போக விட எனக்கு மனசு வராது.

முதலில் தரம் பிரியுங்கள். வெள்ளைத் துணியை நனைத்து, கொக்கிக்குக் கீழே முறுக்கின இடத்தில் அழுத்தித் தேயுங்கள். துரு பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கும். துணியில் பழுப்பு ஒட்டினால் அந்த ஹேங்கர் இனிமேல் துணிக்கு ஆகாது, வெட்டி வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம். ஒட்டாவிட்டால், வளையாமலும் இருந்தால், ஹேங்கராகவே இன்னொருவருக்குப் போகட்டும்.

யாருக்குக் கொடுப்பது? டிரை கிளீனிங் கடையிலேயே கேட்டுப் பாருங்கள், நேராக இருந்தால் பல கடைகளில் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். துணியை மாட்டிக் கொடுக்கிற இஸ்திரிக் கடைகளுக்கும் தேவைப்படும். அப்புறம் எங்களைப் போன்ற தையல்கடைகள். தீபாவளிக்கு முன்னால் தைத்து முடித்த துணியை மாட்ட எங்களுக்கு ஹேங்கர் போதவே போதாது. ஒரே ஒரு வேண்டுகோள்: கொக்கிகளை எல்லாம் ஒரே பக்கம் பார்க்க அடுக்கி, கழுத்தில் நாடாவால் இறுக்கக் கட்டிக் கொண்டுவாருங்கள். பையில் குவித்துக் கொண்டுவந்தால் பிரித்தெடுக்கவே நேரம் போய்விடும். ஆசிரமம், ஹாஸ்டல் என்றால் முன்கூட்டியே போன் செய்து வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வேண்டாத பொருள் போனால் அவர்களுக்கு அது பாரம்.

வீட்டிலேயே வைத்துக்கொள்வதானால் துணி சுற்றிவிடுங்கள். பழைய பருத்தி வேட்டியை ஓர் அங்குல அகலத்துக்கு நீளமாகக் கிழியுங்கள். கத்தரியால் வெட்டுவதைவிடக் கிழிப்பது நல்லது, இழை நேராக வரும். கழுத்தில் ஒரு முடிச்சு போட்டு ஆரம்பித்து, முந்தின சுற்றில் பாதியை மூடுகிற மாதிரி இறுக்கமாகச் சுற்றிக்கொண்டே போங்கள். தோள் முனையில் மட்டும் நாலைந்து சுற்று கூடுதல். அந்த மேடுதான் அகலக் கழுத்து ஜாக்கெட் வழுக்கி விழாமல் பிடித்துக்கொள்ளும். திரும்பக் கழுத்துக்கு வந்ததும் ஊசி நூலால் நாலு தையல் போட்டு முடியுங்கள். பசை வேண்டாம், மழைக்காலத்தில் பிசுபிசுக்கும். இவ்வளவு செய்தாலும் பட்டுச்சேலையை மட்டும் இதில் மாட்டாதீர்கள். சரிகையின் கனத்தில் மடிப்பு இழுபடும். பருத்தித் துணியில் சுற்றி மடித்து வைப்பதுதான் பட்டுக்குப் பாதுகாப்பு.

என் கடையில் ரொம்ப உதவுவது லேஸ் ஸ்டாண்டு. ஹேங்கரின் அடிக்கம்பியை ஒரு மூலைக்குப் பக்கத்தில் கட்டிங் பிளேயரால் வெட்டுங்கள். லேஸ், ரிப்பன், எலாஸ்டிக் உருளைகளை வரிசையாக அதில் கோத்துவிட்டு, வெட்டின முனையைச் சின்னக் கொக்கியாக வளைத்து எதிர்ப்பக்கக் கம்பியில் மாட்டிவிடுங்கள். சுவரில் ஓர் ஆணி போதும், வேண்டியதை இழுத்து வெட்டிக்கொள்ளலாம். வீட்டில் செலோ டேப்பும் குப்பைப் பை உருளையும் இதே மாதிரி தொங்கும்.

பள்ளி ஆண்டுவிழாவுக்குத் தேவதை, பட்டாம்பூச்சி இறக்கை கேட்டு வருவார்கள். இரண்டு ஹேங்கரின் அடிக்கம்பியை நடுவில் பிடித்து இழுத்தால் இறக்கை வடிவம் வந்துவிடும். பழைய நைலான் துப்பட்டாவை இழுத்துத் தைத்து, கொக்கிகளை ஒன்றோடொன்று முறுக்கி, அந்த முறுக்கின்மேல் துணியும் டேப்பும் கனமாகச் சுற்றுங்கள். கம்பி முனை ஒன்றுகூட வெளியே தெரியக்கூடாது, குழந்தைகள் கண்ணைக் குத்திவிடும்.

துருப்பிடித்த கம்பிகளுக்கு வேறு வேலை. நீட்டி, நுனியில் அரை அங்குலத்தைக் கொக்கியாக வளைத்து, குளியலறை ஜாலியைத் தூக்கிவிட்டு உள்ளே விட்டுத் திருகி இழுத்தால் அடைத்த முடி கற்றையாக வந்துவிடும். மாடித் தொட்டியில் வில்லாக வளைத்து இரண்டு பக்கமும் குத்தி, மேலே பழைய கொசுவலை போட்டால் மிளகாய் நாற்றை அணில் தொடாது. சப்பாத்தி சுடவோ சோளம் வாட்டவோ மட்டும் இதை அடுப்பில் காட்டாதீர்கள். மேலே பூசியிருக்கும் துத்தநாகமும் பிளாஸ்டிக்கும் சூட்டில் புகையும், அந்தப் புகை கெடுதல்.

மொட்டை மாடிக் கொடியில் வெறும் ஹேங்கரை விட்டுவைக்கவும் வேண்டாம். காக்கா கூடு கட்டத் தூக்கிப் போய்விடும். மின்கம்பத்தில் அந்தக் கூடு இருந்தால் கம்பி பட்டுத் தெருவுக்கே கரண்ட் போகும், காக்காவும் சாகும்.

எதற்கும் ஆகாதது பழைய இரும்புக் கடைக்கு. இரும்பைத் திரும்பத் திரும்ப உருக்கலாம் என்பதால் எடைக்கு எடுத்துக்கொள்வார்கள். பிளாஸ்டிக் உறை இருந்தால் கத்தியால் கீறி உரித்துவிட்டுக் கொடுங்கள். ஒன்றிரண்டுதான் இருக்கிறது, குப்பை வண்டியில்தான் போட வேண்டும் என்றால், கொக்கியை உள்பக்கம் மடக்கி, முனையில் துணி சுற்றி, தனியாகக் கையில் கொடுங்கள். பைக்குள் போட்டுக் கட்டினால் பிரிக்கிறவர் கையைக் கிழித்துவிடும்.