இட்லி மாவு ஆலையில் கிரைண்டரைக் கழுவும் முறை

பாக்கெட் மாவு தேதிக்கு முன்பே உப்பினால் எல்லோரும் முதலில் குளிர் அறையைத்தான் சந்தேகிப்பார்கள். கிரைண்டரையும் பாருங்கள். மாவை வழித்துவிடும் தகடான ஸ்கிரேப்பரின் பின்பக்கத்திலும், கசிவைத் தடுக்கும் ரப்பர் கேஸ்கட்டின் அடியிலும் கொஞ்சம் மாவு தங்கினாலே போதும். ராத்திரியெல்லாம் புளித்து, காலையில் அரைக்கும் மாவுக்கு அது உறை ஊற்றிவிடும். புளிக்கிற பொருள்தானே என்று விடக்கூடாது. எந்தக் கிருமி புளிக்க வைக்கிறது என்பது அப்போது நம் கையில் இல்லை.

கழுவும் முன் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுங்கள். ஸ்கிரேப்பர், கேஸ்கட், குழவி எல்லாவற்றையும் கழற்றி, ஒட்டியிருக்கும் மாவை வழித்தெடுங்கள். முதல் அலசலுக்குப் பச்சைத் தண்ணீர் மட்டும். இந்த இடத்தில்தான் அதிகம் தவறுகிறார்கள். சுடுதண்ணீரை ஊற்றினால் அரிசியின் மாவுச்சத்து வெந்து கல்லில் பசையாக ஒட்டிக்கொள்ளும், பிறகு எந்தச் சோப்புக்கும் எளிதில் அசையாது. தண்ணீர் தெளிவாக ஓடும்வரை அலசிவிட்டு, சுமார் 50 டிகிரி வெந்நீரில் கிளீனர் கலந்து பிரஷ்ஷால் தேயுங்கள். குழவியின் துளைகளையும் ஷாஃப்ட் நுழையும் இடத்தையும் தனிச் சிறு பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். பிறகு மறுபடி அலசுங்கள்.

கிருமிநாசினிக்கு 10 லிட்டர் தண்ணீரில் 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் 40 மில்லி. இது 200 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கில் 200 பங்கு. கேன் 4 சதவீதம் என்றால் 50 மில்லி. எல்லாப் பரப்பும் நனைந்து ஐந்து நிமிடம் இருக்கட்டும். வெந்நீரில் கலக்காதீர்கள், குளோரின் ஆவியாகிப் போய்விடும். அமிலக் கிளீனரோடு சேர்ந்தால் நச்சு வாயு வரும். வெயிலில் வைத்த கேன் பலம் இழந்திருக்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் குளோரின் அளவைக் காட்டும் டெஸ்ட் ஸ்ட்ரிப் காகிதத்தில் அளவு பாருங்கள். மாவு ஒட்டியிருக்கும் இடத்தில் ஊற்றினால் குளோரின் அந்த மாவிலேயே செலவாகிவிடும், கிருமிக்கு மிஞ்சாது. தேய்க்காமல் கிருமிநாசினி மட்டும் தெளிப்பது வீண்.

முடிந்ததும் பாகங்களை ஸ்டாண்டில் சாய்த்துக் காய விடுங்கள். துணியால் துடைத்தால் துணியின் கிருமி ஏறும். தரைச் சாக்கடையை உயர் அழுத்தக் குழாயால் பீய்ச்சக் கூடாது. அந்தச் சாரல் கழுவி வைத்த கிரைண்டரில் போய் விழும்.

அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்து இயல்பாகவே இருக்கும். இட்லி வேகும் சூட்டையும் அது தாங்கும். அது உண்டாக்கும் வாந்தி நஞ்சும் வேகவைத்தால் அழியாது. மாவின் பி.எச். (புளிப்பைக் காட்டும் அளவு, புளிக்கப் புளிக்கக் குறையும்) 4.5-க்குக் கீழே இறங்கினால் அது பெருகுவது பெரும்பாலும் நின்றுவிடும். ஆபத்தான நேரம் அதற்கு முன்புதான். கோடையில் அரிசியை ராத்திரி முழுதும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போடாமல் நான்கு மணி நேரத்தோடு நிறுத்துங்கள். புளிக்காமல் விற்கும் மாவை அரைத்த உடனே 5 டிகிரிக்குக் குளிரவையுங்கள். பெரிய டிரம்மில் அப்படியே வைத்தால் நடுப்பகுதி குளிர ரொம்ப நேரம் ஆகும். ஆழம் குறைந்த தட்டுகளில் ஊற்றுங்கள்.

மெட்டல் டிடெக்டர் இரும்பைப் பிடிக்கும், குழவியிலிருந்து உதிர்ந்த கல்லைப் பிடிக்காது. ஷிஃப்ட் தொடங்கும்போதும் முடியும்போதும் குழவியை விளக்கு வெளிச்சத்தில் தடவிப் பாருங்கள். புதிதாக மூளி தெரிந்தால், முந்தைய சோதனைக்குப் பிறகு அரைத்த மாவு முழுவதையும் வெளியே அனுப்பாமல் நிறுத்த வேண்டும். அதற்காகவே ஒவ்வொரு டிரம்மிலும் நேரமும் கிரைண்டர் எண்ணும் எழுதி ஒட்ட வேண்டும்.