ஸ்கின் ஸ்டேப்ளர் போடுவது எப்படி? புதிதாக கேஷுவாலிட்டிக்கு வருபவர்களுக்கு

கடலூர்–புதுச்சேரி சாலையில் ஹெல்மெட் இல்லாமல் வண்டியிலிருந்து விழுந்தவரை இரவில் தூக்கி வருவார்கள். மண்டையில் நீளமாக வெட்டு, ரத்தம் நிற்காது, வெளியே இன்னும் நாலு பேர் காத்திருப்பார்கள். அந்த நேரத்தில்தான், நூலுக்குப் பதில் உலோகப் பின்னால் தோலைச் சேர்த்து மூடும் ஸ்டேப்ளரின் அருமை தெரியும். நூல் தையலுக்கு ஆகிற நேரத்தில் கால்வாசி கூட ஆகாது. பயிற்சிக்கு வரும் டாக்டர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே எழுதிவைக்கிறேன். சீனியர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மருத்துவமனையில் செய்ய வேண்டிய வேலை இது. ஆன்லைனில் கிடைக்கிறதே என்று வாங்கி வீட்டில் யாரும் முயல வேண்டாம்.

எங்கே போடலாம்

மண்டைதான் இதற்கு முதல் இடம். வயிறு, முதுகு, கை கால்களில் உள்ள நீளமான நேர் வெட்டுக்கும் போடலாம். முகத்தில் வேண்டாம், தழும்பு தெரியும். உள்ளங்கையிலும் பாதத்திலும் வேண்டாம், ஒவ்வொரு அசைவிலும் உறுத்தும். நாய் கடித்த காயத்தை அவசரப்பட்டு மூடவே கூடாது. சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டியிருந்து, ரத்தத்தை அழுத்திப் பிடித்து அடக்கவும் முடிந்தால் முதலில் சி.டி. எடுத்துவிடுங்கள். பின்னின் உலோகம் படத்தில் கோடு கோடாக விழும்.

போடும் முன்

மரத்துப்போக லிக்னோகெய்ன் ஊசி, சலைனில் கழுவுவது, டெட்டனஸுக்கு டி.டி. ஊசி எல்லாம் நூல் தையலுக்குச் செய்வது போலத்தான். மண்டையோடு உடைந்திருக்கிறதா என்று உள்ளே விரல் விட்டுப் பார்க்க மறக்காதீர்கள். முடியை மழிக்கத் தேவையில்லை, நனைத்து இரண்டு பக்கமும் ஒதுக்கினால் போதும். காயம் ஆழமாக இருந்து வாய் பிளந்து நின்றால், தானாகக் கரையும் நூலால் உள்தையல் போட்டுவிட்டு அப்புறம் ஸ்டேப்ளரை எடுங்கள். இழுவையைத் தாங்குவது பின்னின் வேலை இல்லை.

பெரும்பாலும் கையில் கிடைப்பது 35 பின் உள்ள ஸ்டேப்ளர். சின்ன வெட்டுக்கு அதைப் பிரிப்பது வீண் செலவு. 5 பின், 15 பின் உள்ளதும் வருகிறது, அதைக் கேட்டு வாங்கி வைக்கச் சொல்லுங்கள். பிரித்ததில் எத்தனை மிச்சம் இருந்தாலும் அடுத்த நோயாளிக்கு எடுத்து வைக்காதீர்கள். ஒரு ஆளுக்கு ஒன்று, அவ்வளவுதான்.

முக்கியமான இடம்: ஓரத்தைத் தூக்குவது

ஸ்டேப்ளரை அழுத்த யாருக்கும் வரும். வேலை முழுக்க ஃபோர்செப்ஸ் (இடுக்கி) பிடிக்கிற கையில்தான் இருக்கிறது. தோலின் இரண்டு ஓரமும் சமமாகச் சேர்ந்து, உதடு குவிந்த மாதிரி கொஞ்சம் மேலே தூக்கி நிற்க வேண்டும். ஓரம் உள்ளே மடங்கியிருந்தால் மேல்தோலும் மேல்தோலும்தான் முட்டிக்கொண்டிருக்கும், அது ஒட்டாது. பின் எடுக்கிற அன்று காயம் அப்படியே வாய் திறக்கும். நுனியில் பல் உள்ள அட்சன் வகை ஃபோர்செப்ஸ்தான் இதற்குச் சரி, பல் இல்லாதது வழுக்கும். ஒருவர் இரண்டு ஃபோர்செப்ஸால் ஓரங்களைத் தூக்கிப் பிடிக்க, இன்னொருவர் பின் போடுவதுதான் என் கட்சி. தனியாகச் செய்யலாம் என்பார்கள், ஆனால் புதியவர்களுக்கு அது வேண்டாம்.

சரி, இப்போது ஸ்டேப்ளரின் மூக்கில் இருக்கும் அம்புக்குறியைக் காயக்கோட்டின் மேல் நேராக வையுங்கள். தோலைத் தொட்டால் போதும், அமுக்கக் கூடாது. கைப்பிடியை அது நிற்கும்வரை முழுக்க அழுத்தி, முழுக்க விட்டு, அப்புறம் எடுங்கள். பின்னின் இரண்டு காலும் தோலுக்குள் போய் உள்பக்கமாக மடங்கிச் செவ்வகம் போல ஆகும். மேலே தெரியும் குறுக்குக் கம்பியைக் குனிந்து பாருங்கள். அதற்கும் தோலுக்கும் நடுவில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். அமுக்கிப் போட்டால் அந்த இடைவெளி இருக்காது. மறுநாள் காயம் வீங்கும்போது கம்பி தோலுக்குள் புதைந்து, ஆறிய பிறகு குறுக்குக் குறுக்காகத் தடம் நிற்கும்.

ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் நடுவில் அரை முதல் ஒரு சென்டிமீட்டர். நீளமான காயத்தில் முதலில் நடுவில் ஒன்று போட்டு, பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டு போங்கள். ஒரு முனையிலிருந்தே போனால் கடைசியில் ஒரு பக்கத் தோல் மிஞ்சி முண்டாக நிற்கும். கோணலாக விழுந்த பின்னை அப்போதே எடுத்துவிட்டு வேறு போடுங்கள். பழகுவதற்குத் தோலோடு வாங்கிய பன்றி இறைச்சி நல்லது, கோழித் தோல் ரொம்ப மெல்லிசு.

எடுப்பது

மண்டை, உடம்பு என்றால் 7 முதல் 10 நாள், மூட்டின் மேலேயே உள்ள காயம் என்றால் 10 முதல் 14 நாள். பின்னை எடுக்கும் கருவியான ரிமூவரின் கீழ்த்தாடைகள் இரண்டையும் கம்பிக்கு அடியில் நுழைத்து முழுக்க அழுத்துங்கள். கம்பியின் நடு வளைந்து, கால்கள் இரண்டும் பக்கவாட்டில் தானாக வெளியே வரும். முழுக்க அழுத்தும் முன்பே தூக்கினால்தான் நோயாளி அலறுவார். முதலில் ஒன்றுவிட்டு ஒன்று எடுங்கள். காயம் பிரிகிற மாதிரி தெரிந்தால் மிச்சத்தை விட்டுவையுங்கள்.

பிறகு சேர்த்தது

1. குறிஞ்சிப்பாடி, பண்ருட்டிப் பக்கம் ஊருக்குப் போனவர்கள் பின் எடுக்கப் போனால் அங்கே ரிமூவர் இல்லை என்று பலர் எழுதினார்கள். ரத்தக்குழாயைப் பிடிக்கும் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸால் முறுக்கி எடுப்பது கொடுமை. வீட்டுக்கு அனுப்பும்போதே பிரிக்காத ரிமூவர் ஒன்றைக் கையில் கொடுத்து, எடுக்க வேண்டிய தேதியையும் சீட்டில் எழுதிவிடுங்கள்.

2. எலும்பு அறுவை சிகிச்சைக்கும் இதுவே நல்லதா என்று ஒருவர் கேட்டார். 2010-இல் பி.எம்.ஜே. என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வு, எலும்பு அறுவை சிகிச்சையில், அதிலும் இடுப்பு மூட்டில், நூல் தையலைவிட ஸ்டேப்ளரில் தொற்று அதிகம் என்று காட்டியது. அங்கே நூல் தையல் பக்கம்தான் நான்.

3. பின் இருக்கும்போது எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் அங்குள்ளவர்களிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். காயத்தில் மஞ்சளோ தேங்காய் எண்ணெயோ தடவக் கூடாது. சீப்பின் பல் பின்னில் மாட்டும், அதனால் அந்தப் பக்கம் சீவ வேண்டாம். சீழ், காய்ச்சல், சுற்றிலும் சிவப்பு தெரிந்தால் பின் எடுக்கும் தேதி வரை காத்திருக்காமல் அன்றே வரச் சொல்லுங்கள்.