கட்டி இல்லாத நீர்க்கட்டி

நான்கு மாதமாக பீரியட்ஸ் இல்லை, தாடையில் முடி வேறு. "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்டி" என்றார் சித்தி. ஆனது, சரியாகவில்லை.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் சினைப்பையில் நீர்க்கட்டி என்றதும் ஆபரேஷன்தான் என்று அழுதேன். டாக்டரம்மா சிரித்தார். அவை கட்டியே இல்லையாம். முட்டை முதிராமல் நின்றுபோன குட்டிப் பைகள். ஒழுங்கற்ற மாதவிடாய், ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேனில் அந்தத் தோற்றம்: மூன்றில் குறைந்தது இரண்டு இருந்தால்தான் பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறு. அதுவும் தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்) கோளாறு இல்லையென்று பார்த்த பிறகு. என் உடம்பு இன்சுலினுக்குச் சரியாக இசையவில்லை. அதனால் கூடுதலாகச் சுரக்கும் இன்சுலின் சினைப்பையை ஆண் ஹார்மோன் சுரக்கத் தூண்டுகிறது.

உடம்பு இன்சுலினுக்கு இசைய உதவும் மெட்ஃபார்மின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். முதல் இரண்டு வாரம் வயிறு படுத்திய பாடு! ஓஎம்ஆர் ஆபீஸில் நாலு காபி, நாலிலும் சர்க்கரை. அதை நிறுத்தியதுதான் பெரிய போராட்டம். சோற்றைப் பாதியாக்கி சுண்டல், கீரை சேர்த்தேன். சாயங்காலம் பெசன்ட் நகர் பீச்சில் வேக நடை, பஜ்ஜிக் கடைப் பக்கம் திரும்பாமல்.

78 கிலோ 72 ஆனது. ஐந்தாம் மாதம் பீரியட்ஸ் தானாக வந்தது. தாடை முடி மட்டும் போகவில்லை, மாதாமாதம் த்ரெடிங்தான்.