கிளிநொச்சியில் சொகுசுக் கார் வாங்க முதல்: வலுவையும் எண்ணெய்ச் செலவையும் அளந்து பார்ப்பது எப்படி

வன்னிக்குள் ஓட ஒரு பாவித்த பிஎம்டபிள்யூவோ பென்ஸோ லெக்ஸஸோ தேடுபவர்கள் முதலில் கேட்பது எத்தனை குதிரைவலு என்றுதான். ஏ-9 வீதியில் காருக்கு ஊர்மனைக்குள் 50, வெளியில் 70 கிலோமீற்றர் வேகம்தான் சட்டம். சமதரையில் 70 இல் ஒரே சீராக ஓட, ஏசியும் சேர்த்து, நடுத்தர அளவான காருக்கு 15 குதிரைவலு போதும். 2017 இல் வந்த பிஎம்டபிள்யூ 530ஈ (பெற்றோல் எஞ்சினோடு, பிளக்கில் சார்ஜ் ஏற்றும் பற்றரியும் மின்மோட்டரும் உள்ள ஹைபிரிட்) தருவது 252. மிச்சம் பயன்படுவது நெல் லொறியையோ உழவு இயந்திரத்தையோ முந்தும் சில விநாடிகளில். அந்த நேரத்திலும் உச்ச வலுவைவிட, மிதித்த உடனே கிடைக்கும் இழுவைதான் முக்கியம். அதை மின்மோட்டர் நன்றாகவே தரும்.

ஆகவே சொகுசுக் கார் செய்யும் கம்பனிகள் சிக்கனத்தைத்தான் முன்னுக்கு வைக்க வேண்டும். வாங்குபவரும் அந்த ஒழுங்கில்தான் தெரிவுசெய்ய வேண்டும். மின்மோட்டர் பூட்டிவிட்டார்கள் என்பதற்காகக் கார் சிக்கனமானது என்று நம்பிவிடக் கூடாது. மெர்சிடிஸ் 2022 இல் அறிவித்த சி63 இல் எட்டு சிலிண்டர் எஞ்சினை எடுத்துவிட்டு 2 லீற்றர் எஞ்சினும் மோட்டரும் வைத்து, வலுவை 680 குதிரைக்கு ஏற்றினார்கள். 2024 இல் வந்த பிஎம்டபிள்யூ எம்5 ஹைபிரிட்டின் எடை ஏறத்தாழ 2.4 தொன். இந்த வாகனங்களில் மோட்டர் வந்தது வேகத்துக்கு. லெக்ஸஸ் சிடி200எச் போன்றவற்றில் அது வந்தது பெற்றோலை மிச்சம் பிடிக்க. நீங்கள் பார்க்கும் கார் எந்த வகை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது காகிதக் கணக்கு. 530ஈ வெளிவந்தபோது 100 கிலோமீற்றருக்கு 1.9 லீற்றர் என்று போட்டார்கள். 100 ஐ 1.9 ஆல் பிரித்தால் லீற்றருக்கு ஏறத்தாழ 53 கிலோமீற்றர் வரும். றோட்டில் அது கிடைக்காது. நிறையச் சார்ஜ் ஏற்றி ஒருமுறை, சார்ஜ் இல்லாமல் ஒருமுறை ஆய்வுகூடத்தில் ஓட்டி, இரண்டையும் ஒரு சூத்திரத்தில் போட்டு எடுத்த பழைய ஐரோப்பியக் கணக்கு அது. 2017 இலிருந்து அங்கே படிப்படியாக வேறு சோதனைமுறை வந்துவிட்டது. விற்பவர் காட்டும் இலக்கம் எதுவானாலும், நீங்களே அளந்து பாருங்கள்.

அளக்கும் முறை இதுதான். காலையில் ஏசி போடாமல், கிட்ட இருக்கும் பெற்றோல் செட்டில் முனை முதல்தரம் "டக்" என்று நிற்கும் வரைக்கும் அடியுங்கள். அதற்கு மேல் ஒரு சொட்டும் திணிக்க வேண்டாம். திணித்தால் ஒவ்வொரு முறையும் அளவு மாறும். ட்ரிப் மீற்றரைப் பூச்சியத்துக்கு எடுத்து, கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்கு இரண்டு முறை போய்வாருங்கள். ஒருவழி ஏறத்தாழ 75 கிலோமீற்றர் என்பதால் 300 ஆகும். இதைவிடக் குறைந்த தூரத்தில் அளந்தால், முனை நிற்பதில் வரும் ஒரு லீற்றர் வித்தியாசமே கணக்கைக் குழப்பிவிடும். அதே செட்டில், அதே பம்பில், கார் அதே சரிவில் நிற்கத் திரும்ப அடியுங்கள். 310 கிலோமீற்றர் ஓடி 24.8 லீற்றர் பிடித்தால், லீற்றருக்கு 12.5. டாஷ்போர்ட்டில் காட்டுவது பெரும்பாலும் இதைவிடக் கூடுதலாக இருக்கும். வேறு ஒரு நாள் மாங்குளத்தில் திரும்பி ஒட்டுசுட்டான் பக்கமும், உங்கள் வீட்டுக் கிரவல் ஒழுங்கையிலும் ஓடிப் பாருங்கள். நின்று நின்று ஓடும் ஓட்டத்தில் ஹைபிரிட்டுக்கும் வெறும் டர்போவுக்கும் உள்ள இடைவெளி அங்கேதான் தெரியும்.

கிடைத்த இலக்கத்தை 2022 ஓடு ஒப்பிடுங்கள். எண்ணெய்த் தட்டுப்பாட்டில் கியூஆர் பங்கீட்டு முறை தொடங்கியபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். லீற்றருக்கு 7 ஓடும் பெரிய ஜீப்புக்கு அது 140 கிலோமீற்றர். வவுனியா போனால் வீடு திரும்ப முடியாது. 18 ஓடும் ஹைபிரிட்டுக்கு 360.

பிளக்-இன் கார் என்றால் இன்னொரு சோதனை இருக்கிறது. 2017 இல் வந்த 530ஈ இன் பற்றரி 9.2 கிலோவொற் மணி. சாதாரண பிளக்கில் முழுதாக ஏற ஐந்து மணித்தியாலம் அளவில் எடுக்கும். ஏற்றிவிட்டு "மேக்ஸ் ஈட்ரைவ்" பொத்தானை அமுக்கி, 60 இல் ஓட்டுங்கள். புதுக்காரே நிஜ றோட்டில் 25 முதல் 30 கிலோமீற்றர்தான் ஓடும். 15 க்குக் கீழே எஞ்சின் விழித்தால் பற்றரி தேய்ந்துவிட்டது, விலையைக் குறைத்துக் கேளுங்கள். சார்ஜ் ஏற்றத் தனி வயரிங்கும் ஒழுங்கான ஏர்த்தும் வேண்டும். அரை மணித்தியாலம் கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்துங்கள். தினமும் சார்ஜ் போட வசதியில்லாதவர் இந்த வகையை வாங்கவே வேண்டாம். வெறும் பற்றரிப் பாரத்தைப் பெற்றோல் எரித்துச் சுமக்க வேண்டியிருக்கும்.

லெக்ஸஸ் சிடி200எச் க்கு வெளிச்சார்ஜ் தேவையில்லை. ஆனால் எங்கள் புழுதி அதற்குப் பகை. பின்சீட்டின் பக்கவாட்டில் சிறிய துவாரத் தட்டு ஒன்று இருக்கும். பற்றரியைக் குளிராக்கும் காற்றை அது வழியாகத்தான் உள்ளிருக்கும் விசிறி இழுக்கிறது. கிரவல் றோட்டில் ஓடிய காரில் விசிறித் தகடுகளில் செம்புழுதியும் மயிரும் களிபோல அப்பிக் கிடக்கும். அப்போது பற்றரி சூடேறும், எஞ்சின் அடிக்கடி ஓடும், லீற்றருக்கான தூரம் இறங்கும். பின்னால் விசிறி இரைகிற சத்தம் கேட்டால் அடைபட்டிருக்கிறது என்றே எடுங்கள். துவாரத் தட்டைக் கழற்றித் தூரிகையாலும் வக்குமாலும் துடைக்கலாம். கொம்பிரசர் காத்தை உள்ளே அடிக்காதீர்கள், புழுதி பற்றரிக்குள் போய்விடும். விசிறியையே கழற்ற வேண்டுமென்றால் ஹைபிரிட் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள். செம்மஞ்சள் நிற வயர்களில் உயர் அழுத்த மின் ஓடுகிறது. இதே காரின் எஞ்சினில், புகையின் ஒரு பகுதியைத் திரும்ப உள்ளே விடும் ஈஜிஆர் குழாய் கரியால் அடைபட்டு, ஹெட் காஸ்கட் போவதும் உண்டு. விடிய முதல் ஸ்டார்ட்டில் எஞ்சின் உலுக்கினால், கூலன்ற் மட்டத்தைப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம்.

எண்ணெயில் மிச்சம் பிடிக்கப் பார்த்து எல்லோரும் 92 ஒக்டேன் பெற்றோல் அடிக்கிறார்கள். லெக்ஸஸின் இந்த எஞ்சினுக்கு அது சரி. ஐரோப்பிய டர்போ எஞ்சினுக்கு 95 வேண்டும். 92 போட்டால் எஞ்சின் தன்னைக் காக்க இக்னிஷன் நேரத்தைப் பிந்த வைக்கும். வலுவும் குறையும், தூரமும் குறையும். புகையில் வரும் கரியைப் பிடிக்கும் துகள் பில்டர் உள்ள டீசல் காருக்குச் சாதாரண ஓட்டோ டீசல் கூடாது. சூப்பர் டீசல் தொடர்ந்து கிடைக்கும் செட் உங்கள் பக்கத்தில் இல்லையென்றால் டீசல் சொகுசுக் காரை விட்டுவிடுங்கள். வீட்டுக்கும் சந்தைக்கும் மட்டும் ஓடினால் அந்த பில்டர் தன்னைத்தானே எரித்துச் சுத்தமாக்கப் போதிய சூடு வராது, அடைத்துக்கொள்ளும்.

கடைசியாக ரயர். 19 அங்குல ரிம் கண்ணுக்கு வடிவு, ஆனால் ரயர்ச் சுவர் மெல்லியது. கிரவல் கல்லில் பக்கம் வெடித்தால் ஒட்ட முடியாது. பல பிஎம்டபிள்யூக்களில் மேலதிகச் சில்லும் இருக்காது. 530ஈ க்கு 225/55 ஆர்17 அளவு பொருந்தும். பள்ளத்தையும் தாங்கும், எண்ணெயும் கொஞ்சம் குறையும். வாங்கும்போதே ரிம்மை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். காத்து அளவை, கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டவணைப்படி, கார் ஓட முதல் காலையில் பாருங்கள்.