பள்ளியில் காய்ச்சல் பரவும்போது பிள்ளையை அனுப்பலாமா? நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

ஐப்பசி மழை பிடித்தவுடன் நம் திருநெல்வேலிப் பக்கம் பாளையங்கோட்டை, பேட்டை, மேலப்பாளையம், அந்தப் பக்கம் அம்பாசமுத்திரம், வள்ளியூர் என்று எந்த ஊர்ப் பள்ளியை எடுத்தாலும் வகுப்பில் பெஞ்சுகள் காலியாகத் தொடங்கிவிடும். எல்லா வீட்டிலும் ஒரே கேள்விதான், நாளைக்குப் பிள்ளையை அனுப்பலாமா வேண்டாமா. நான் பார்த்தவரை இதற்குப் பதில் பிள்ளையைப் பார்த்து வருவதில்லை. நாளைக்கு டெஸ்ட் இருக்கிறதா, வீட்டில் இருக்க ஆள் உண்டா, எதிர்த்த வீட்டுப் பிள்ளை வேன் ஏறிவிட்டதா, வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் என்ன ஓடுகிறது, இதையெல்லாம் பார்த்துத்தான் வருகிறது. காய்ச்சலோடு ஒரு பிள்ளையை அனுப்பி வைப்பதும், நன்றாக இருக்கிற பிள்ளையைப் பயந்துபோய் வாரக்கணக்கில் வீட்டில் உட்கார வைப்பதும் இப்படித்தான் நடக்கிறது.

பள்ளிக்கே லீவு விட்டுவிடுவார்கள், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பதும் சரிவராது. 2023 மார்ச்சில் எச்3என்2 வகை இன்ஃப்ளூயன்சா, அதாவது ஃப்ளூ காய்ச்சல், பரவியபோது புதுச்சேரியில் எட்டாம் வகுப்பு வரை மார்ச் 16 முதல் 26 வரை விடுமுறை விட்டார்கள். இங்கே தமிழ்நாட்டில் காய்ச்சல் முகாம்கள் போட்டார்கள், பள்ளிகள் பாட்டுக்கு நடந்தன. ஆக, பெரும்பாலும் முடிவு பெற்றோர் தலையில்தான். நம் நாட்டில் இந்தக் காய்ச்சல் மழைக்காலத்தை ஒட்டி ஒரு தடவையும், ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் ஒரு தடவையும் தலைதூக்கும். அரையாண்டுத் தேர்வும் முழு ஆண்டுத் தேர்வும் நெருங்குகிற நேரம் என்பதால் முடிவெடுப்பது இன்னும் சிரமமாகிவிடுகிறது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, காலையில் பாராசிட்டமால் சிரப்பைக் கொடுத்து அனுப்பி வைப்பது. சூடு குறைந்துவிடும், பிள்ளையும் எழுந்து இட்லி சாப்பிடும், சரியாகிவிட்டது என்று நமக்கும் தோன்றிவிடும். ஆனால் அந்த மருந்து சூட்டை நாலைந்து மணி நேரம் இறக்கி வைக்குமே தவிர வைரஸை ஒன்றும் செய்யாது. பதினோரு மணிக்குக் காய்ச்சல் திரும்பி வரும், பிள்ளை டெஸ்கில் தலை சாய்த்துப் படுத்துவிடும், டீச்சர் போன் போடுவார். அதற்குள் வேனில் ஒட்டி உட்கார்ந்த பிள்ளைகள், பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளைகள், ஒரே தண்ணீர் பாட்டிலில் வாய் வைத்துக் குடித்த பிள்ளைகள் என்று எத்தனையோ பேருக்குப் போயிருக்கும். இன்ஃப்ளூயன்சா வந்தவர் அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே பரப்பத் தொடங்கிவிடுவார், முதல் மூன்று நான்கு நாட்கள்தான் அதிகமாகப் பரப்பும் நாட்கள், சிறு பிள்ளைகள் பெரியவர்களைவிடக் கூடுதல் நாட்கள் பரப்புவார்கள். இதைத் தெரிந்துகொண்டால் முதல் மூன்று நாள் அனுப்பவே கூடாது என்பதற்கு வேறு காரணம் தேவையில்லை.

எப்போது அனுப்பலாம் என்றால், காய்ச்சல் மருந்து எதுவும் கொடுக்காமல் 24 மணி நேரம் சூடு இல்லாமல் இருக்க வேண்டும். இதில் ‘மருந்து கொடுக்காமல்’ என்பதை விட்டுவிட்டு 24 மணி நேரத்தை மட்டும் பிடித்துக்கொள்கிறோம். செவ்வாய் ராத்திரி ஒன்பது மணிக்குக் கடைசியாக சிரப் கொடுத்தீர்கள் என்றால் அதன் வேலை விடியற்காலை வரை இருக்கும், புதன் முழுக்க மருந்தில்லாமல் சூடு வராமல் இருந்தால் வியாழக்கிழமை அனுப்பலாம். புதன் காலையில் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, ஆறிப்போயிருக்கு என்று யூனிபார்ம் மாட்டிவிடக் கூடாது. தொட்டுப் பார்ப்பதை நம்பவும் வேண்டாம், ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேலே போனால் காய்ச்சல். அக்குளில் வைத்துப் பார்த்தால் வாயில் காட்டுவதைவிடக் கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சூடு விட்டாலும் பிள்ளை துவண்டு கிடந்தால், படியேறவே மூச்சு வாங்கினால், இன்னொரு நாள் இருக்கட்டும்.

சிரப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். கடையில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் உள்ள பாராசிட்டமாலும் கிடைக்கிறது, 250 மில்லிகிராம் உள்ளதும் கிடைக்கிறது. போன தடவை இரண்டு மூடி கொடுத்தோம் என்ற ஞாபகத்தில் இந்தத் தடவை வேறு பாட்டிலிலிருந்து அதே அளவு கொடுத்தால் மருந்து இரண்டு மடங்காகிவிடும். அளவு பிள்ளையின் எடையைப் பொறுத்தது, கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், வயதை வைத்து அல்ல. 16 கிலோ பிள்ளைக்கு ஒரு வேளைக்கு அதிகபட்சம் 240 மில்லிகிராம், அதாவது முதல் வகையில் 10 மில்லி, இரண்டாவது வகையில் 5 மில்லிக்குள்தான். ராத்திரி தூக்கக் கலக்கத்தில் அம்மா ஒரு தடவை, அப்பா ஒரு தடவை என்று கொடுத்துவிடாமல் நேரத்தை ஒரு தாளில் எழுதி வையுங்கள். குறைந்தது நாலு மணி நேர இடைவெளி, ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல் வேண்டாம்.

இதற்கு நேர் எதிரான தவறும் இருக்கிறது. காய்ச்சல் விட்டு நாலு நாளாகியும், ‘சளி முழுசா இறங்கட்டும், பெறவு போகட்டும்’ என்று ஆச்சி சொல்வதைக் கேட்டு நிறுத்தி வைப்பது. ஆச்சியின் அக்கறை நியாயமானது. ஆனால் இந்தக் காய்ச்சலுக்குப் பிறகு இருமல் இரண்டு வாரம்கூட இருக்கும், அது நிற்கும்வரை வைத்திருந்தால் பாடமும் போகும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடமே பிடிக்காமல் போகும். அரசுத் தொடக்கப் பள்ளியில் படிக்கிற பிள்ளைகளுக்குக் காலை உணவும் மதிய உணவும் அங்கேதான், வீட்டில் இருந்தால் பல பிள்ளைகளுக்கு ஒரு வேளை குறைந்துவிடுகிறது. சூடு இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறான், ஓடுகிறான், இருமல் மட்டும்தான் என்றால் கைக்குட்டையோ மாஸ்க்கோ கொடுத்து அனுப்பலாம்.

எல்லாக் காய்ச்சலையும் ஃப்ளூ என்று நினைத்துக்கொள்வதைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் இது உயிர் போகிற விஷயம். 2012ல் திருநெல்வேலி மாவட்டத்தில், குறிப்பாக அன்றைக்கு நம் மாவட்டத்தில் இருந்த கடையநல்லூரில், டெங்கு எப்படி அடித்தது என்று பெரியவர்களுக்கு நினைவிருக்கும். மழைக்காலத்தில் இரண்டு காய்ச்சலும் சேர்ந்தே சுற்றும். மூக்கொழுகல், தொண்டை வலி, இருமலோடு வந்தால் ஃப்ளூ பக்கம் சாயலாம், சளியே இல்லாமல் கடுமையான காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பு வலி, வாந்தி என்றால் டெங்குவை நினைக்க வேண்டும், ஆனால் இதை வீட்டில் உறுதியாகச் சொல்ல முடியாது, ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். மேலே சொன்ன 24 மணி நேரக் கணக்கு ஃப்ளூவுக்கு மட்டும்தான் பொருந்தும். டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரத்தில்தான் ஆபத்தே தொடங்குகிறது, பெரும்பாலும் மூன்றாவது நாளிலிருந்து ஏழாவது நாளுக்குள். காய்ச்சல் விட்டாச்சு என்று அந்த நாளில் பையை மாட்டி அனுப்பிவிட்டால், வயிற்று வலியும் வாந்தியுமாகப் பிள்ளை வகுப்பில் சுருண்டு கிடக்கும். ஈறில், மூக்கில் ரத்தம், கை கால் ஜில்லிட்டுப் போவது, சிறுநீர் குறைவது, பிள்ளை மந்தமாகக் கிடப்பது, இதில் ஒன்று தெரிந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் கிளம்புங்கள். டெங்கு இல்லை என்று தெரிகிறவரை இப்யூபுரோஃபென், மெஃபனாமிக் ஆசிட் என்ற காய்ச்சல், வலி மருந்துகளை மெடிக்கலில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள், ரத்தக் கசிவு கூடிவிடும். ஆஸ்பிரின் எந்த வைரஸ் காய்ச்சலிலும் பிள்ளைகளுக்குக் கூடாது.

சரி, பிள்ளைக்கு ஒன்றுமில்லை, வகுப்பில்தான் பரவுகிறது, முன்கூட்டியே நிறுத்தி வைக்கலாமா? பல வீடுகளில் நிறுத்துகிறார்கள், ஆனால் சாயங்காலம் டியூஷனுக்கு அனுப்புகிறார்கள், ஒரு சின்ன அறையில் மூன்று பள்ளிகளின் பிள்ளைகள் நெருக்கி உட்கார்ந்து படிக்கிற இடத்துக்கு. ஞாயிற்றுக்கிழமை கல்யாண வீட்டுக்கும் கூட்டிப் போகிறார்கள். அப்படியென்றால் பள்ளியை மட்டும் நிறுத்தி ஒரு பயனும் இல்லை. தொற்று ஏறியதிலிருந்து அறிகுறி வர ஒன்று முதல் நான்கு நாட்கள் ஆகும், அதனால் வகுப்பில் பத்துப் பேர் படுத்தது உங்களுக்குத் தெரியவரும்போது உங்கள் பிள்ளையும் அவர்களோடு உட்கார்ந்து எழுந்தாகிவிட்டது. ஆரோக்கியமான பிள்ளை, வீட்டிலும் எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள் என்றால் அனுப்புங்கள், தினமும் காலையில் ஒரு தடவை சூடு பாருங்கள், அது போதும்.

முன்கூட்டியே நிறுத்துவதற்கு நியாயம் உள்ள வீடுகளும் உண்டு. பிள்ளைக்கு வீசிங் இருக்கிறது, பிறவியிலேயே இதயக் கோளாறு, சிறுநீரகப் பிரச்சினை, நீண்ட நாள் ஸ்டீராய்டு மருந்து, இப்படி இருந்தால் பார்த்து வருகிற டாக்டரிடம் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள், வேண்டுமானால் ஒரு வாரம் நிறுத்தலாம், டியூஷனையும் சேர்த்துத்தான். இன்னொன்று, தலைப்பிரசவத்துக்கு மகள் தாய் வீட்டுக்கு வந்திருப்பாள், அல்லது கைப்பிள்ளையோடு இருப்பாள். கர்ப்பிணிகளுக்கு இந்தக் காய்ச்சல் கடுமையாக வரும், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கோ இதற்குத் தடுப்பூசியே போட முடியாது. அந்த வீட்டில் பள்ளிக்குப் போகிற அண்ணன் மகனோ மகளோ இருந்தால், திரும்பி வந்தவுடன் சோப்பு போட்டுக் கை கழுவி, உடுப்பு மாற்றி, அதற்குப் பிறகுதான் பாப்பாவைத் தூக்க வேண்டும், முத்தம் கொடுப்பது எல்லாம் காய்ச்சல் ஓயட்டும். நாலு இருமல் கேட்டாலே அன்றைக்குத் தொட்டில் பக்கம் விடாதீர்கள், யார் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

வீட்டில் நிறுத்தினால் யார் பார்த்துக்கொள்வது என்பதை யாரும் யோசிப்பதில்லை. அம்மா வேலைக்குப் போக வேண்டும், பிள்ளையை ஆச்சி தாத்தாவிடம் விட்டுவிட்டுப் போகிறோம். எழுபது வயது, சர்க்கரை, பிரஷர். பள்ளியில் நாற்பது பிள்ளைகளுக்குப் பரவாமல் காப்பாற்றிவிட்டு, யாருக்கு வந்தால் ஆஸ்பத்திரி வரை போகுமோ அவரிடமே கொண்டுபோய் விடுகிறோம். அப்பாவோ அம்மாவோ மாறி மாறி முதல் இரண்டு மூன்று நாள் லீவு போட முடிந்தால் அதுதான் நல்லது. வேறு வழியில்லை என்றால் ஆச்சிக்கு மாஸ்க், ஜன்னல் திறந்திருக்கட்டும், ஒரே பாயில் படுக்க வேண்டாம், பிள்ளை குடித்த மிச்சக் கஞ்சியைத் தூர ஊற்ற மனசில்லாமல் ஆச்சி குடித்துவிடுவார், அதை முக்கியமாகத் தடுங்கள். முக்கூடல் பக்கமும் மேலப்பாளையத்திலும் பீடி சுற்றுகிற வீடுகளில் தாய் வீட்டிலேயேதான் இருப்பார், ஆனால் இருமுகிற பிள்ளையைப் பீடித்தட்டுக்குப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டு வேலை பார்க்கக் கூடாது, புகையிலைத் தூள் இருமலைக் கூட்டும்.

‘ஒரு ஊசி போட்டா நாளைக்கே பள்ளிக்கூடம் போயிருவான்’ என்று டாக்டரிடம் கேட்டு வாங்கிப் போடுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. ஊசியால் வைரஸ் காய்ச்சலின் நாட்கள் குறையாது. ஆன்டிபயாடிக்கும் அப்படித்தான், போன தடவை மிஞ்சியதைக் கொடுப்பது அதைவிட மோசம். குளோர்பெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்துகளை 4 வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரிலேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சொல்லிவிட்டது, பாட்டிலைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். கொதிக்கிற பாத்திரத்தை முன்னால் வைத்துப் பிள்ளைக்கு ஆவி பிடிப்பதை விட்டுவிடுங்கள், வெந்துபோய் வருகிற பிள்ளைகள் நிறைய. கஞ்சி, இளநீர், ரசம் விட்டுக் குழைந்த சாதம், நிறையத் தண்ணீர், தூக்கம், இதுதான் வைத்தியம். வீசிங் உள்ள பிள்ளைகள், இரண்டு வயதுக்கு உட்பட்டவர்கள் என்றால் மட்டும் காத்திருக்காமல் முதல் நாளே காட்டுங்கள், ஃப்ளூ வைரஸுக்கான ஒசல்டாமிவிர் மருந்து தேவையென்று டாக்டர் நினைத்தால் அதை 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும்.

எந்தப் பிள்ளையாக இருந்தாலும் மூச்சைப் பாருங்கள். சட்டையைக் கழற்றிவிட்டு ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும், ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல் என்றால், அல்லது மூச்சிழுக்கும்போது விலா உள்ளே குழிந்தால், உதடு நீலமானால், வலிப்பு வந்தால், தண்ணீர்கூடக் குடிக்க மறுத்தால், 108க்குக் கூப்பிட்டு பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கோ பக்கத்தில் உள்ள அரசு மருத்துவமனைக்கோ உடனே போக வேண்டும். நன்றாகித் தேறி வந்த பிள்ளைக்கு மறுபடியும் காய்ச்சலும் இருமலும் கூடினால் நிமோனியாவாக இருக்கலாம், அதையும் அன்றைக்கே காட்டுங்கள்.

பள்ளிகளிடமும் ஒன்று கேட்க வேண்டும். ஆண்டு விழாவில் ஒரு நாள்கூட லீவு போடாத பிள்ளைக்குப் பரிசு கொடுப்பதை நிறுத்துங்கள். அந்தச் சான்றிதழுக்காகக் காய்ச்சலை மறைத்துக்கொண்டு பள்ளிக்கு வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது நாம்தான். பெற்றோர்களும் வகுப்பு ஆசிரியரிடம் ‘வயிற்று வலி’ என்று எழுதிக் கொடுக்காமல் காய்ச்சல் இருமல் என்றே எழுதுங்கள், ஒரே வகுப்பில் எத்தனை பேர் என்று தெரிந்தால்தான் தலைமையாசிரியர் சுகாதார நிலையத்துக்குச் சொல்ல முடியும். தவறவிட்ட டெஸ்டைப் பிறகு எழுத வைக்கலாம், நேரில் போய்க் கேளுங்கள், பெரும்பாலான ஆசிரியர்கள் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள்.

ஃப்ளூ தடுப்பூசியை வகுப்பில் காய்ச்சல் பரவத் தொடங்கிய பிறகு தேடி ஓடுகிறோம். போட்ட பிறகு உடம்பில் எதிர்ப்பு சக்தி வர இரண்டு வாரம் ஆகும், ஒன்பது வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு முதல் தடவை போடும்போது நாலு வார இடைவெளியில் இரண்டு டோஸ் வேண்டும், வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் ஆண்டுதோறும் போட வேண்டும். அரசின் வழக்கமான இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் இது இல்லை, தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டியிருக்கிறது, எல்லோராலும் முடியாது என்பது தெரியும். ஒரு பிள்ளைக்குத்தான் முடியும் என்றால் வீசிங் உள்ள பிள்ளைக்கு, இல்லையென்றால் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு. அதையும் ஆவணி, புரட்டாசிக்குள் போட்டுவிடுங்கள்.