தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளையோடு பேச்சு நின்றுபோனால்

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்து ஊரில் பிள்ளையோடு மனத்தாங்கல் வந்தால், அது வீட்டுக்குள் நிற்காது. ஒட்டுக்கடையில் அம்மா விட்ட ஒரு வார்த்தை மாமா வாயில் ஏறி, அத்தை வாயில் ஏறி, கோலாலம்பூர் போய்ச் சேரும்போது நாலு வார்த்தையாகியிருக்கும். அதனால் தூது அனுப்புவதை முதலில் நிறுத்துங்கள். மாமாவும் வேண்டாம், கோயில் தலைவரும் வேண்டாம். பேரப்பிள்ளையை விட்டுக் கேட்பது அதைவிட மோசம்.

நேராக ஒரு வாட்ஸ்அப் போதும். எழுத வராதவர்கள் அரை நிமிடம் பேசி அனுப்பலாம். "தம்பி, அன்னிக்கு உன் பொண்டாட்டி முன்னால நான் சத்தம் போட்டது தப்பு. உனக்குத் தோதான நாள்ல பேசுவோம். அம்மா." அவ்வளவுதான். 'ஆனா' என்று அடுத்த வரி வந்தால் அழித்துவிடுங்கள். விடியுமுன் எழுந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போய்த்தான் அவனைப் படிக்க வைத்தீர்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் சண்டைக்குப் பிறகு அதைச் சொன்னால் கடன் பாக்கி கேட்பதுபோல்தான் அவன் காதில் விழும்.

இரவு ஷிப்ட் பார்க்கும் பிள்ளைக்குக் காலையில் அனுப்பாதீர்கள். தூக்கக் கலக்கத்து எரிச்சல் பதிலில் வரும். ஓய்வு நாள் சாயங்காலம் நல்லது. நீல டிக் விழுந்தும் பதில் இல்லையென்றால் இரண்டு வாரம் விடுங்கள். மறுநாளே "பாத்தியா?" என்று கேட்டால் முதல் செய்தியும் வீண்.

தீபாவளிக்கு வருகிறான் என்றால் எத்தனை ராத்திரி, யாருக்கு எந்த அறை என்று முன்பே பேசிவிடுங்கள். முதல் தடவை ஒரு ராத்திரியே தாராளம்.

பணச் சண்டைதான் பெரும்பாடு. 55 வயதில் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தை முழுதாக எடுக்கலாம் என்பது பிள்ளைகளுக்கும் தெரியும். கேட்ட உடனே சரியென்றோ முடியாதென்றோ சொல்லாமல், "வெள்ளிக்கிழமை சொல்றேன்" என்று நாள் குறியுங்கள். குறித்த நாளில் கட்டாயம் சொல்லுங்கள். திரும்பி வராவிட்டாலும் தாங்கக்கூடிய தொகையை மட்டும் கொடுங்கள். ரொக்கமாக வேண்டாம், கரண்டு பில், வாடகை என்று நீங்களே கட்டுங்கள். கேரண்டி கையெழுத்து மட்டும் போடவே கூடாது. அவன் கட்டத் தவறினால் பேங்க் உங்கள் வாசலுக்குத்தான் வரும். பேங்க் கடன் மிஞ்சிப்போயிருந்தால் ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிறுவனம் இலவசமாக வழி சொல்லும், ஆனால் கடன் வாங்கியவனே போக வேண்டும்.

பிள்ளை கடன் வாங்கிய ஆலோங் (சட்டவிரோத வட்டிக்காரன்) உங்கள் வீட்டு கேட்டில் சிவப்புச் சாயம் ஊற்றினால், கழுவுவதற்கு முன் படம் எடுத்துக்கொண்டு போலீஸில் புகார் செய்யுங்கள். பயந்து நீங்கள் கட்டிவிட்டால், அடுத்த ஆலோங்கும் உங்கள் வீட்டு விலாசத்தைத்தான் எழுதி வாங்குவான்.

பிள்ளை கை ஓங்கினால் இந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. 1994 குடும்ப வன்முறைச் சட்டம் பெற்றோரையும் காக்கும். கோர்ட்டுக்குப் போகாமலே சமூகநல அதிகாரி 7 நாளுக்கு அவசரப் பாதுகாப்பு உத்தரவு தரலாம். அரசாங்க உதவி எண் தாலியான் காசிஹ் (Talian Kasih) 15999, இரவிலும் எடுப்பார்கள்.