இழுப்புக்கு ஹிப்னாடிசம் பழகுகிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

மார்கழி மாதத்து ராத்திரி, இரண்டு மணி இருக்கும். நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி சத்தம். கட்டிலோரத்து மேசை டிராயரில்தான் இன்ஹேலர் இருந்தது, கை நீட்டினால் எட்டும். எடுக்கவில்லை. வீம்பு. மூன்று மாதமாகச் சுய ஹிப்னாடிசம் பழகுகிறோம், இந்தச் சின்ன வீசிங்குக்குக்கூட உதவாவிட்டால் அது எதற்கு என்று ஒரு நினைப்பு. தலையணையை முதுகுக்குக் கொடுத்துச் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடினேன். கை கனக்கிறது, தோள் தளர்கிறது, மனசுக்குள் பத்துப் படி இறங்குகிறேன். இருபது நிமிஷத்தில் பயம் போயே போய்விட்டது. மூச்சும் சுலபமாக வருகிற மாதிரிதான் இருந்தது. படுக்கும் முன், எதற்கும் இருக்கட்டும் என்று அதே டிராயரிலிருந்து பீக் ஃப்ளோ மீட்டரை, அதாவது காற்றை எவ்வளவு வேகமாக ஊதித் தள்ளுகிறோம் என்று அளக்கிற கருவியை, எடுத்து ஊதினேன். 210. இன்னும் இரண்டு தடவை ஊதியும் முள் அதற்கு மேல் நகரவில்லை. உடம்பு நன்றாக இருக்கிற நாளில் நான் ஊதுவது 420.

சரிபாதி. டாக்டர் எழுதிக் கொடுத்த தாளில் அது சிவப்பு மண்டலத்தின், அதாவது அபாயக் கட்டத்தின், வாசல். நானோ போர்வையை இழுத்துவிட்டுத் தூங்கத் தயாராக இருந்தேன்.

ஹிப்னாடிசத்தையும் தளர்வுப் பயிற்சியையும் ஆஸ்துமாவுக்குப் பயன்படுத்துகிறவர்கள் செய்கிற தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன. நமக்கு லேசாக இருக்கிறது என்பதை, மூச்சுக்குழாய் திறந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறோம்.

ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய்க்குள் மூன்று காரியம் நடக்கிறது. குழாயைச் சுற்றியிருக்கும் தசை இறுகுகிறது. உள்சுவர் வீங்குகிறது. சளி சேர்ந்து மிச்சமிருக்கிற வழியையும் அடைக்கிறது. இது போதாதென்று நாலாவதாகப் பயம் வந்து சேரும். பயந்தவர் வேகவேகமாக, வாயால் மூச்சு வாங்குவார். உள்ளே போன காற்று வெளியேறி முடிவதற்குள் அடுத்த மூச்சை இழுப்பார். காற்று உள்ளேயே தேங்கும், இன்னும் திணறும், பயமும் கூடும். ஹிப்னாடிசத்துக்கு இந்த நாலாவது காரியத்தின் மேல் நல்ல பிடி உண்டு. தசை இறுக்கத்தின் மேலும் நரம்பு வழியாகக் கொஞ்சம் உண்டு. வீக்கத்துக்கும் சளிக்கும் மருந்துதான்.

கொஞ்சம் உண்டு என்று சும்மா சொல்லவில்லை. 1968ல் அமெரிக்காவில் லுப்பரெல்லோ என்கிற மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஆஸ்துமா உள்ள 40 பேருக்கு வெறும் உப்புநீர் ஆவியைக் கொடுத்து, உங்களுக்கு ஒத்துக்கொள்ளாத பொருள் இதில் இருக்கிறது என்றார்கள். 19 பேருக்கு மூச்சுக்குழாய் நிஜமாகவே இறுகியது, கருவியில் அளந்து பார்த்தார்கள். அதில் 12 பேருக்கு முழு இழுப்பே வந்துவிட்டது. அப்புறம் அதே உப்புநீரை மருந்து என்று சொல்லிக் கொடுத்ததும் அடங்கியது. சொல்லுக்கு அவ்வளவு சக்தி. அதே ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு பெரிய சோதனையின் முடிவும் வந்தது. ஒரு குழுவுக்கு மாதம் ஒரு முறை ஹிப்னாடிசம், தினமும் வீட்டில் சுய ஹிப்னாடிசம் என்று ஒரு வருஷம். இன்னொரு குழுவுக்குத் தளர்வுக்கான மூச்சுப் பயிற்சி. எந்த நோயாளி எந்தக் குழு என்று தெரியாத மருத்துவர்கள் பார்த்து, முதல் குழுவில் 59 சதவீதம் பேர், இரண்டாவதில் 43 சதவீதம் பேர் நன்றாகத் தேறியிருக்கிறார்கள் என்றார்கள். வித்தியாசம் இருக்கிறது. மூச்சுப் பயிற்சி மட்டும் செய்தவர்களும் கணிசமாகத் தேறியிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இதற்கு மறுபக்கம் 2011ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. ஒரே நோயாளிகளுக்கு வெவ்வேறு நாளில் நிஜ இன்ஹேலர், மருந்தில்லாத போலி இன்ஹேலர், போலி அக்குபங்சர், எதுவுமே கொடுக்காமல் உட்கார வைப்பது என்று நான்கையும் செய்து பார்த்தார்கள். எவ்வளவு தேவலை என்று கேட்டபோது நிஜ இன்ஹேலருக்கு 50 சதவீத முன்னேற்றம் என்றார்கள், போலி இன்ஹேலருக்கு 45, போலி ஊசிக்கு 46. ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு விநாடியில் ஊதித் தள்ளுகிற காற்றை அளந்தபோது கதை வேறு. நிஜ மருந்தில் 20 சதவீதம் கூடியது. மற்ற மூன்றிலும் 7 சதவீதம் அளவுக்குத்தான். எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாலும் அதே 7. அந்த மார்கழி ராத்திரி எனக்கு நடந்ததும் இதுதான். மனசு 45 போட்டது, நுரையீரல் 7 போட்டது.

இதில் ஒரு கூடுதல் சிக்கல், வெகுநாள் ஆஸ்துமாக்காரர்களில் சிலருக்குக் குழாய் இறுகுவதே சரியாகத் தெரியாது. பழகிவிடும். அவர்களுக்கு அந்த மங்கலான எச்சரிக்கையையும் அமர்த்திவிடுகிற கலையைக் கற்றுக்கொடுப்பது என்றால் யோசிக்க வேண்டியிருக்கிறது. அதனால் பீக் ஃப்ளோ மீட்டர் இல்லாமல் ஹிப்னாடிசம் பழகாதீர்கள் என்பேன். பயிற்சிக்கு முன்னால் மூன்று முறை ஊதி அதில் பெரிய எண், முடிந்ததும் அதே போல. உங்கள் நல்ல நாள் அளவில் 80 சதவீதத்துக்கு மேல் என்றால் பச்சை, 50க்கும் 80க்கும் நடுவில் மஞ்சள், 50க்குக் கீழே சிவப்பு. சிவப்பில் கண்ணை மூடி உட்காருகிற வேலையே கிடையாது. ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, இன்ஹேலர் போட்டும் கேட்கவில்லை என்றால் 108ஐக் கூப்பிட வேண்டிய நேரம் அது. இன்னொன்று, திணறல் குறையாமல் வீசிங் சத்தம் மட்டும் நின்றுபோனால் நிம்மதி அடைய வேண்டாம். சத்தம் போடுவதற்குக்கூடக் காற்று போகவில்லை என்று பொருள்.

அடுத்த தவறு மெதுவாக நடப்பது. யாரும் முதல் நாளே மருந்தை நிறுத்துவதில்லை. பயிற்சி நன்றாகப் போகிறது, ராத்திரி இருமல் இல்லை, அப்போது தினமும் இழுக்க வேண்டிய ஸ்டீராய்டு இன்ஹேலரில் ஒரு வேளை விட்டுப்போகும். ஒன்றும் ஆகாது. பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள். அந்த மருந்துக்கு இப்படியொரு துரதிர்ஷ்டம்: இழுத்ததும் எதுவும் தெரியாது, நிறுத்தினாலும் உடனே எதுவும் தெரியாது. வீக்கம் வாரக்கணக்கில் மெதுவாகத் திரும்பி வரும். ‘பம்ப் பழகிவிட்டால் விட முடியாது’ என்று பக்கத்து வீட்டில் சொன்னது வேறு காதில் ஒலித்துக்கொண்டிருக்கும். ஹிப்னாடிசத்தால் உண்மையிலேயே தேவலை என்றால் நல்லதுதான், நோய் ஓரிரண்டு மாதம், மூன்று மாதம் கட்டுக்குள் நிற்கட்டும். மீட்டர் அளவுகளை எழுதி வைத்த நோட்டை டாக்டரிடம் காட்டுங்கள், அவரே அளவைக் குறைப்பார்.

இனி ஒலிப்பதிவுகள். யூடியூபில் தமிழிலேயே நிறைய கிடைக்கின்றன, குரலும் தேன்தான். ஆனால் அவை ஆஸ்துமாக்காரருக்காகச் செய்தவை அல்ல. ‘ஆழமாக மூச்சை இழுங்கள், இன்னும் ஆழமாக, அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள்’ என்றுதான் பாதிப் பதிவுகள் ஆரம்பிக்கும். வேகமாகவும் ஆழமாகவும் வாயால் இழுக்கிற காற்று குழாயின் உள்சுவரை உலர்த்திக் குளிர வைக்கிறது. ஓடினால் சிலருக்கு வீசிங் வருவதும் அதனால்தான். அதோடு, மூச்சையே உற்றுக் கவனி என்று சொன்னால் இழுப்புக்காரருக்குப் பதற்றம்தான் முதலில் வரும், மூச்சைக் கவனித்தே பாதி வாழ்க்கை போனவர் அவர். கை சூடாகிறது, கால் கனக்கிறது என்று மூச்சை விட்டு வேறெங்காவது தொடங்குவது நல்லது. மூச்சைப் பற்றிப் பேசியே ஆக வேண்டுமென்றால் மூக்கால் மெதுவாக இழுத்து, அதைவிட நீளமாக வெளியே விடச் சொன்னால் போதும். எட்மண்ட் ஜேக்கப்சன் என்கிற அமெரிக்க மருத்துவர் உருவாக்கிய தசைத் தளர்வு முறையை ஒட்டி வருகிற பதிவுகளில், ஒவ்வொரு தசையாக இறுக்கி விடும்போது நெஞ்சின் முறை வந்ததும் மூச்சைப் பிடிக்கச் சொல்வார்கள். அந்த ஒரு படியை மட்டும் நான் தாண்டிவிடுகிறேன். கை, தோள், தாடை போதும்.

அப்புறம் அந்தப் பூந்தோட்டம். ‘நீங்கள் அழகான ஒரு பூந்தோட்டத்தில் நடக்கிறீர்கள், மலர்களின் வாசனையை நுகர்கிறீர்கள்’ என்று எல்லாப் பதிவிலும் ஒரு தோட்டம் வரும். மகரந்தம் ஒத்துக்கொள்ளாதவரை அங்கே கூட்டிப்போவது எப்படிச் சரியாகும்? கற்பனைப் பூதானே என்று நினைக்க வேண்டாம். 1886ல் பால்டிமோரில் ஜான் மெக்கன்சி என்கிற மருத்துவர், ரோஜா என்றாலே தும்மலும் இழுப்பும் வருகிற ஒரு பெண்ணுக்கு முன்னால் செயற்கை ரோஜா ஒன்றைக் காட்டினார். அந்தப் பெண்ணுக்கு இழுப்பு வர அதுவே போதுமானதாக இருந்தது. நல்ல பயிற்சியாளர் முதலில் உங்களுக்கு எதில் இழுப்பு வரும் என்று கேட்டுவிட்டுத்தான் இடத்தைத் தேர்ந்தெடுப்பார். என்னுடைய இடம் மழை விட்ட பிறகு எங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத்துச் சிமெண்ட் திண்ணை. அழகெல்லாம் கிடையாது. காற்று மட்டும் கழுவி விட்ட மாதிரி இருக்கும்.

கற்பனைத் தோட்டத்தை விடுங்கள், நிஜ அறையில் நாம் செய்கிற கூத்து பெரிது. தியானம், தளர்வு என்றதும் கை தானாக ஊதுபத்திக்குப் போகிறது. சிலர் சாம்பிராணியே போடுகிறார்கள். கதவைச் சாத்தி, புகையைப் போட்டு, அதற்குள் உட்கார்ந்து மூச்சு சீராகிறது என்று சொல்லிக்கொள்வதை என்னவென்று சொல்ல? சாப்பிட்ட கையோடு சவாசனத்தில் மல்லாந்து படுப்பதும் வேண்டாம். சிலருக்கு எதுக்களித்து இருமல் கிளம்பும். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தே பழகலாம்.

முதல் சில தடவைகளில் தளர்ந்து உட்கார்ந்ததும் லேசாக நெஞ்சு பிடிப்பதாகச் சிலர் சொல்வார்கள். அது வெறும் பிரமையாக இருக்க வேண்டியதில்லை. உடம்பு அமைதியாகும்போது வேகஸ் நரம்பின் வேலை கூடும், மூச்சுக்குழாய்த் தசையை இறுக்குவதும் அதே நரம்புதான். அதனால் ‘பயிற்சி ஆழமாகிறது, விடாதே’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு தொடர வேண்டாம். கண்ணைத் திறந்து மீட்டரை ஊதுங்கள். இன்ஹேலர் மடியிலேயே இருக்கட்டும். தளர்வு வேண்டும் என்று தூக்க மாத்திரை பக்கம் போவது இதைவிட ஆபத்து, இழுப்பு நேரத்தில் அது மூச்சையே மந்தமாக்கும்.

யாரிடம் பழகுவது என்பதில் நடக்கிற தவறு தனி ரகம். மேடையில் எலுமிச்சம்பழத்தை ஆப்பிள் என்று தின்ன வைக்கிறவருக்கும் நோயாளிக்குச் சொல்லிக்கொடுக்கிறவருக்கும் வித்தியாசம் உண்டு. இரண்டு நாள் வகுப்பில் சான்றிதழ் வாங்கியவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அப்படி ஒருவரிடம் நானும் போனேன். இன்ஹேலர் பெயரைக்கூடக் கேட்கவில்லை. ‘உங்கள் ஆழ்மனதில் ஒரு காயம் இருக்கிறது, அதை எடுத்துவிட்டால் ஆஸ்துமா போய்விடும்’ என்றார். ஆறு வயதுக்கு என்னைக் கூட்டிப்போனார், அங்கே ஒன்றும் கிடைக்காததால் முற்பிறவிக்குப் போகலாமா என்றார். அரைமயக்கத்தில் தூண்டித் துருவிக் கேட்டால் நடக்காததையும் நடந்ததாக மனசு கட்டிக் கொடுத்துவிடும். அது நினைவாகவே உட்கார்ந்துகொள்ளும் என்பதுதான் விபரீதம். இந்தியாவில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்க வெட்கப்படாதீர்கள்.

பயிற்சி பலித்துவிட்டால் வீட்டில் வேறொரு வம்பு வரும். ‘பார்த்தாயா, எல்லாம் உன் மனசுதான், கண்ணை மூடி உட்கார்ந்தால் சரியாகிறதே!’ என்று சித்தி சொல்வார். பயத்துக்கு வைத்தியம் செய்தேன் சித்தி, நோய் அப்படியேதான் இருக்கிறது என்று விளக்குவதற்குள் மூச்சு வாங்கிவிடும். குழந்தைகள் இந்தப் பயிற்சியைப் பெரியவர்களைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள், அதனாலேயே இந்தப் பேச்சு அவர்களிடம் கூடாது. அடுத்த முறை இழுப்பு வந்தால், தான் சரியாகச் செய்யவில்லை என்று பயந்து மறைப்பார்கள்.

அப்படியானால் இது எங்கேதான் உதவும்? தினமும் உடம்பு நன்றாக இருக்கும்போது பத்துப் பதினைந்து நிமிஷம். வெள்ளம் வந்த பிறகு நீச்சல் பழக முடியாது. இழுப்பு வந்தால், முதலில் தாளில் எழுதியிருக்கிறபடி மருந்து. நான் ஸ்பேசரில், அதாவது இன்ஹேலரோடு பொருத்துகிற குடுவையில், ஒரு பஃப், மெதுவாக இழுத்து விட்டு, மறுபடி ஒரு பஃப். இழுத்ததும் உடனே தெரிந்துவிடாது, சில நிமிஷம் பிடிக்கும். அந்தச் சில நிமிஷம்தான் மோசம், வேலை செய்யுமா செய்யாதா என்று இன்னொரு பஃப், இன்னொரு பஃப் என்று கை பரபரக்கும். அங்கே நான் பேருந்து நிறுத்தத்துத் திண்ணைக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறேன். திரும்பி வரும்போது பெரும்பாலும் மருந்தும் வந்து சேர்ந்திருக்கும்.

மீட்டர் நோட்டில் இப்போது இரண்டு கட்டம் போட்டிருக்கிறேன். இடது பக்கம் எப்படி இருக்கிறது என்று பத்துக்கு ஒரு மதிப்பெண், வலது பக்கம் ஊதிய எண். இடது பக்கத்தை முதலில் எழுதிவிட்டுத்தான் ஊதுவது. நேற்று ராத்திரி எட்டு என்று எழுதினேன். முள் 330ல் நின்றது. மஞ்சள்.